வாத்தியார் தொண்டை

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை. ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லித் தப்பிச்சுடலாம். ஆனா இந்தத் தடவை சாக்கே ஒரு பதிவு அளவுக்கு நீண்டு போச்சு, அதனால எழுதிடறேன்.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் படிக்கிறது புள்ளியியல். டாக்டருக்கும் எனக்கும் உள்ள ஒரே உறவு அவங்க வாசல்ல வாங்குற கோ-பே மட்டும்தான். கீழே வர்றது நானும் என் தொண்டையும், அப்புறம் எங்கப்பாவும் அவர் தொண்டையும் பட்ட பாடு, அதுக்காகத் தேடிப் படிச்சதுல கொஞ்சம். உங்க தொண்டைக்கு உங்க டாக்டர்தான் பொறுப்பு. அடியேன் இல்லை :-)

2024 ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்தேன். பனி கொட்டுற மத்திய மேற்கு மாநிலம் ஒண்ணு. 2025 ஜனவரி செமஸ்டர்ல டி.ஏ. வேலை கிடைச்சது. தெரியாதவங்களுக்கு: வாரம் 20 மணி நேரம் இளங்கலைப் பசங்களுக்குப் பாடம் எடுக்கணும், பேப்பர் திருத்தணும்; பதிலுக்கு டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி, கையில வாடகைக்கும் அரிசிக்கும் ஆகிற அளவு சம்பளம். அந்த வேலை போச்சுன்னா அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு ஊர்ல இருக்கிற ஒரே காலி மனையைத்தான் பார்க்கணும். அதாவது என் வயித்துப்பாடும் படிப்பும் தொண்டையில தொங்கிட்டு இருந்துச்சு. அப்ப அது எனக்குத் தெரியலை.

வியாழக்கிழமை மூணு லேப். ஒவ்வொண்ணும் 50 நிமிஷம், முப்பது பேர், முப்பது கம்ப்யூட்டர், மேல ஹீட்டர் காத்து வர்ற ஓட்டை ஒண்ணு 'ஓ'ன்னு கத்திக்கிட்டே இருக்கும். பிப்ரவரியில எல்லாருக்கும் வர்ற சளி எனக்கும் வந்தது. மூக்கு நாலு நாள்ல சரியாச்சு. குரல் மட்டும் போனது போனதுதான்.

நம்ம ஊர்ல இதுக்கு எத்தனை வார்த்தை இருக்கு பாருங்க. தொண்டை கட்டிக்கிச்சு, குரல் கம்மிப் போச்சு, கரகரங்குது, கமறுது. எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சிருந்தேன். அப்புறம் படிச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் உள்ளே நடக்கிற வேற வேற சங்கதியைச் சொல்லுது. அதுக்கு வர்றேன்.

அம்மா வாட்ஸப்ல வைத்தியம் ஆரம்பிச்சாங்க. மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, அதிமதுரம், உப்புத் தண்ணி கொப்பளிக்கிறது. இந்தியக் கடையில கிடைச்சதை எல்லாம் வாங்கிப் பண்ணினேன். நல்லா இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா வியாழக்கிழமை வந்தா மறுபடி குரல் பூட்டிக்கும். அதனால ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன் பாருங்க: மூணு லேப்பையும் கிசுகிசுன்னு ரகசியம் பேசுற மாதிரி எடுத்தேன், ரெண்டு வாரம். தொண்டைக்கு ஓய்வு குடுக்கிறோம்னு பெருமை வேற. முதல் பெஞ்ச் பொண்ணு ஒருத்தி, நீங்க வீட்டுக்குப் போயிடலாமேன்னு கேட்டுட்டா.

மூணாவது வாரம் காம்பஸ் மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் அம்மா வாயைத் திறக்கச் சொன்னாங்க, கழுத்தைத் தடவிப் பார்த்தாங்க, "வைரஸ்தான், தண்ணி குடி, பேச்சைக் குறை, மொத்தம் நாலு வாரம் தாண்டினா திரும்பி வா"ன்னு அனுப்பிட்டாங்க. ஒரு மாத்திரை கூடத் தரலை! மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியே அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் தூக்கிக் குடுக்கிற ஊர்ல வளர்ந்தவன் நான். ஏமாத்திட்டாங்கன்னுதான் தோணுச்சு. வீட்டுக்கு வந்து தேடினா, அவங்க செஞ்சதுதான் சரி. அமெரிக்காவுல காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கு: கரகரப்புக்கு வழக்கமா ஆன்டிபயாட்டிக் எழுதாதே, நாலு வாரத்துக்கு மேல போனா குரல்வளையைக் கண்ணால பார், ஆபத்தான காரணம்னு சந்தேகம் இருந்தா நாலு வாரம் கூடக் காத்திருக்காதே.

சளியோட வர்ற தொண்டைக்கட்டு பெரும்பாலும் வைரஸ். ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போயிடும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸுக்கு அது வெறும் சாக்பீஸ்.

சரி, உள்ளே என்னதான் இருக்கு? பள்ளிக்கூடப் புத்தகத்துல குரல் நாண்னு படிச்சிருப்போம். அந்தப் பேரைக் கேட்டு வீணைத் தந்தி மாதிரி ரெண்டு கம்பி இருக்கும்னு ரொம்ப நாள் நினைச்சிருக்கேன். கம்பி இல்லை, ரெண்டு சதை மடிப்பு. மூச்சுக்குழாய் வாசல்ல, முன்னாடி ஒட்டிக்கிட்டு பின்னாடி திறந்து மூடுற ரெட்டைக் கதவு மாதிரி. ஆம்பளைக்கு ஏறக்குறைய ரெண்டு சென்டிமீட்டர் நீளம், பொம்பளைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூச்சு விடும்போது விலகி இருக்கும். பேசும்போது ஒட்டிக்கும், கீழிருந்து வர்ற காத்து அதைத் தள்ளித் திறக்கும், மறுபடி ஒட்டும். ஆம்பளைக் குரல்னா நொடிக்குச் சுமார் 120 தடவை, பொம்பளைக் குரல்னா 200 தடவை, குழந்தைன்னா அதுக்கும் மேல.

நம்ம துறை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை 150 நிமிஷம் வகுப்பு. அதுல பாதி நேரம் நான் பேசுறேன், 75 நிமிஷம். அதுலயும் மூச்சு, இடைவெளி, குரல் நாண் அதிராத சில மெய்யெழுத்து எல்லாம் கழிச்சுப் பாதின்னு வைங்க. 2,250 நொடி. பெருக்கினா ஒரே நாள்ல 2 லட்சத்து 70 ஆயிரம் தடவை அந்த ரெண்டு சதையும் ஒண்ணோட ஒண்ணு மோதியிருக்கு. கத்திப் பேசினா மோதல் இன்னும் பலமா. இவ்வளவு கைதட்டினா கை என்னத்துக்கு ஆகும்!

இப்ப நம்ம வார்த்தைகளுக்கு வருவோம். மடிப்பு வீங்கிப் போச்சுன்னா சரியா மூடாது. இடுக்கு வழியா காத்து கசியும், குரல் காத்தாடும். அதுதான் கம்மல். ரெண்டு மடிப்பும் ஒரே சீரா அதிராம ஆளுக்கொரு தாளம் போட்டா கரகரப்பு. வீக்கத்தால மடிப்பு கனமாச்சுன்னா அதிர்வு மெதுவாகும், குரல் கட்டையா இறங்கும். அதான் தொண்டை கட்டிக்கிட்டவன் காலையில போன்ல பேசினா வில்லன் மாதிரி இருக்கான். கமறல் மட்டும் தனி. சளியோ எரிச்சலோ மேல உட்கார்ந்திருக்கு, அதைக் காறித் தள்ளணும்னு தோணுது. அப்படிக் காறும்போது ரெண்டு மடிப்பும் படார்னு அறைஞ்சுக்குது. எரிச்சல் கூடுது, மறுபடி காறத் தோணுது. அதுக்குப் பதிலா ஒரு வாய்த் தண்ணி குடிச்சு முழுங்கிடுன்னு அப்புறம் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இந்தப் பழக்கத்தை விடத்தான் நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

அஞ்சாவது வாரம், மார்ச் நடுவுல, பயந்துபோய் இ.என்.டி. டாக்டர்கிட்ட போனேன். கோ-பே 40 டாலர், அதுக்குத்தான் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்ங்கிற உண்மையையும் சொல்லிடறேன். மூக்குல மருந்து பீய்ச்சினாங்க, தொண்டைக்குள்ள கசப்பா இறங்கி மரத்துப் போச்சு. அப்புறம் நூடுல்ஸ் தடிமன்ல ஒரு குழாய், நுனியில கேமரா, மூக்கு வழியா உள்ளே. வலி இல்லை, ஆனா தும்மல் வர்ற மாதிரி ஒரு அவஸ்தை. "ஈஈஈ சொல்லு"ன்னாங்க. திரையில என் குரலை நானே பார்த்தேன். வெள்ளையா ரெண்டு மடிப்பு.

இந்தப் பார்க்கிற வேலையை முதல்ல ஒழுங்காச் செஞ்சது டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியான்னு ஸ்பெயின்காரர். 1854-ல், பல் டாக்டர் வச்சிருக்கிற குட்டிக் கண்ணாடியைத் தொண்டைக்குள்ள விட்டு, இன்னொரு கண்ணாடியால வெயிலைத் திருப்பி அடிச்சு, தன் குரல் நாண் அசையுறதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில கட்டுரையாவும் வந்தது. மனுஷர் 101 வயசு வரைக்கும் இருந்தார். தொண்டையை நல்லாப் பார்த்துக்கிட்டார் போல.

இப்போ கேமராவோட ஒரு விட்டுவிட்டு மின்னுற விளக்கும் சேர்த்து வச்சிருக்காங்க. நொடிக்கு 120 தடவை அதிர்றதைக் கண்ணால பார்க்க முடியாது இல்லையா? விளக்கு கிட்டத்தட்ட அதே வேகத்துல, ஒரு துளி வித்தியாசத்தோட மின்னினா, அதிர்வு ஸ்லோ மோஷன்ல நடக்கிற மாதிரி தெரியும். சினிமாவுல கார் சக்கரம் மெதுவாப் பின்னாடி சுத்துமே, அதே கண்கட்டு. அப்படிப் பார்த்ததுல என் ரெண்டு மடிப்பிலயும் நேருக்கு நேர் சின்னதா ஒரு மேடு. செருப்புக் கடிச்ச இடத்துல காய்ப்பு காய்க்குமே, அந்த மாதிரி. பாடகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வர்றதுதான், பெரிசா ஒண்ணும் இல்லை, ஆபரேஷன் வேண்டாம், குரல் பயிற்சி எடுத்தாலே பெரும்பாலும் கரைஞ்சுடும்னாங்க. எனக்கு உயிர் வந்தது.

கிளம்பும்போதுதான் சும்மா கேட்டேன். எதுக்கு நாலு வாரம்னு ஒரு கணக்கு? டாக்டர் சொன்னதைத் தமிழ்ல சுருக்கினா இதுதான். சளியால வந்ததுன்னா அதுக்குள்ள போயிருக்கணும். போகலைன்னா காரணம் வேற. என்ன காரணம்னு குரலைக் கேட்டுச் சொல்ல முடியாது, எல்லாக் கரகரப்பும் காதுக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும். என்னை மாதிரி காய்ப்பா இருக்கலாம். தைராய்டு குறைவா இருக்கலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற ஸ்டீராய்டு மருந்தா இருக்கலாம் (அதை எடுக்கிறவங்க முடிச்சதும் வாய் கொப்பளிக்கணுமாம்). குரல் நரம்பு செயலிழந்திருக்கலாம். புற்றாவும் இருக்கலாம்.

நரம்புன்னதும் ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கோங்க. குரல்வளையை ஆட்டுற நரம்பு மூளையில இருந்து நேரா தொண்டைக்கு வராது. கழுத்தைத் தாண்டி நெஞ்சு வரைக்கும் இறங்கும், இடது பக்கம் இருதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயை வளைச்சுக்கிட்டு மறுபடி மேல ஏறும். அடுத்த வீட்டுக்குப் போக மதுரை போய்ட்டு வர்ற மாதிரி. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்தச் சுத்து மட்டும் பல மீட்டர். சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடி ரோம்ல காலன்ங்கிற மருத்துவர், கத்திக்கிட்டு இருக்கிற பன்னியோட இந்த நரம்பைக் கட்டி, கூட்டத்துக்கு முன்னாடி அதை ஊமையாக்கிக் காட்டினார். பாவம் பன்னி. விஷயம் என்னன்னா, நரம்பு அவ்வளவு தூரம் சுத்தி வர்றதால நுரையீரல் பக்கம் ஒரு கட்டி வந்தாலும், தைராய்டு ஆபரேஷன்ல நரம்பு அடிபட்டாலும், முதல்ல மாறுறது குரலா இருக்கலாம்.

அந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் போட்டு என் மேட்டைப் பத்திப் பெருமையாச் சொன்னேன். அப்பா கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில கணக்கு வாத்தியார். முப்பது வருஷ சர்வீஸ். ஓய்வுபெற இன்னும் மூணு வருஷம் இருக்கு. கேட்டுச் சிரிச்சார்.

"எலே, இது வாத்தியார் தொண்டைலே. எனக்குத் தீவாளியில இருந்து இப்படித்தான் கெடக்கு. நான் என்ன ஸ்கோப்பா வச்சுப் பார்த்தேன்?"

சிரிச்சுக்கிட்டே போனை வச்சேன். அரை மணி நேரம் கழிச்சு, பாத்திரம் தேய்க்கும்போது உறைச்சது. 2024 தீபாவளி அக்டோபர் 31. அன்னிக்கு மார்ச் 16. பத்தொன்பது வாரம் முடிஞ்சுபோச்சு.

வாரம் தவறாம பேசுறேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? வாட்ஸப்ல கரகரங்குது, லைன் சரியில்லைன்னு நினைச்சிருக்கேன். "அப்பா வாய்ஸ் கட்டாகுது"ன்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ராத்திரி உட்கார்ந்து பழைய வாய்ஸ் மெசேஜை எல்லாம் தேடி எடுத்தேன். செப்டம்பர்ல ஒண்ணு, வந்திறங்கின புதுசுல, "சாவியைப் பத்திரமா வச்சுக்கோ"ன்னு கணீர்னு. தீபாவளிக்கு ஒண்ணு, கொஞ்சம் கம்மல். பொங்கலுக்கு ஒண்ணு. மார்ச்ல ஒண்ணு. வரிசையாக் கேட்டா ஒரு மனுஷர் மெல்ல மெல்லத் தூரமாப் போற மாதிரி இருந்தது. அதை பிராட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல போட்டு, அதிர்வு எவ்வளவு சீரில்லாம இருக்குன்னு கிராஃப் வேற வரைஞ்சேன். நாலே நாலு பாயிண்ட், அதுவும் போன் நசுக்கின ஒலி. எங்க புரொபசர் பார்த்தா டிகிரியைப் பிடுங்கிடுவார். கிராஃப் தேவையே இல்லை, காதே போதும்.

அப்பா சிகரெட்டை விட்டுட்டார்னு வீட்டுல ஒரு ஐதீகம் உண்டு. அம்மாவைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்கய்யா விட்டாரு? சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வாரேன்னு போறது எதுக்குன்னு நெனைச்ச? நான் சொன்னாக் கேக்காரா, நீயாவது சொல்லுய்யா"ன்னாங்க.

அப்பாகிட்ட சொன்னா, பரிச்சை முடியட்டும்ங்கறார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, நான் இல்லைன்னா பிள்ளைகளுக்கு யாரு கணக்குச் சொல்லிக் குடுக்கிறதுன்னு. புற்றுங்கிற வார்த்தையை அவர்கிட்ட எடுக்க எனக்கு வாய் வரலை. மூணு நாள் யோசிச்சு ஒண்ணு கேட்டேன்.

"அப்பா, உங்க கிளாஸ் பையன் ஒருத்தன் நாலு வாரம் காரணம் சொல்லாம வரலைன்னா என்ன செய்வீங்க?"

"வீட்டுக்கே போயிருவேன்லே."

"உங்க குரல் இருபது வாரமா வரலைப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டு சனிக்கிழமை திருநெல்வேலி போறேன்"னார்.

இடது குரல் நாண்ல ஒரு வெள்ளைத் திட்டு. மயக்கம் குடுத்து மைக்ராஸ்கோப் வச்சு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. நான் ரெண்டு வியாழக்கிழமை லேப் எடுத்தேன், பசங்களுக்கு நிகழ்தகவு சொல்லிக் குடுத்தேன். ஊருக்குப் போகலாமான்னு டிக்கெட் விலையைத் தினமும் பார்த்தேன்.

அந்த நாட்கள்ல படிச்சதுல எனக்குக் கொஞ்சம் தெம்பு குடுத்தது ஒண்ணு உண்டு. குரல்வளைப் புற்றுலயே சரியா அந்த நாண் மேல வர்றது சீக்கிரமே காட்டிக் குடுத்துடும். வேற எங்கயாவது ஒரு பொட்டு அளவு கட்டி வந்தா வெளியே தெரியாது. அங்கே பொட்டு வந்தாலே குரல் மாறிடும். நிணநீர்க் குழாய்களும் அந்த இடத்துல குறைவுங்கிறதால மத்த இடத்துக்குச் சீக்கிரம் பரவாது. ஆரம்பத்துலயே பிடிச்சா பெரும்பாலானவங்களுக்குக் குணமாகுது, குரலும் மிஞ்சுது. பிரிட்டன்ல டாக்டர்களுக்கான வழிகாட்டியில, 45 வயசுக்கு மேல காரணம் தெரியாத கரகரப்பு விடாம இருந்தா புற்றுச் சந்தேகத்துக்கான அவசர வழியில அனுப்புறதைப் பத்தி யோசின்னே எழுதி வச்சிருக்காங்க. அந்த நோய் அவ்வளவு முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லுது. நாமதான் வாத்தியார் தொண்டை, ஏசி ஒத்துக்கலை, ஐஸ் வாட்டர் குடிச்சுட்டேன்னு அதுக்குப் பேர் வச்சுட்டுப் போயிடறோம்.

முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனா செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு, நடுத்தர நிலை. விட்டிருந்தா ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். திட்டை முழுசா எடுத்தாச்சு, மூணு மாசத்துக்கு ஒருதடவை உள்ளே பார்க்கணும், சிகரெட் ஒண்ணு கூடக் கூடாது. சித்தப்பா போன்ல படிச்சுக் காட்டினார். "ஆகியிருக்கலாம்"ங்கிற இடத்துல ஒரு சதவீதம் கேட்டேன், டாக்டர் தரலையாம்.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு வீடியோ கால்ல வந்தார். அஞ்சு நாள் பேசவே கூடாதுன்னு உத்தரவு. முப்பது வருஷம் கத்தின மனுஷர், டியூஷனுக்கு வச்சிருந்த சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து மார்க்கர்ல எழுதிக் காட்டினார்: "சாப்பிட்டியா?"

நானும் பதிலுக்கு எழுதித்தான் காட்டினேன். எனக்கு வேற காரணத்துக்காகக் குரல் வரலை.

என் தொண்டைக் கதையைப் பாதியில விட்டுட்டேன். எங்க பல்கலைக்கழகத்துலயே பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கிளினிக் இருக்கு. அந்தத் துறையில முதுகலை படிக்கிற மாணவர்களே, பக்கத்துல ஆசிரியர் இருக்க, பயிற்சி குடுப்பாங்க, கட்டணம் கம்மி. எனக்கு வாய்த்தவங்களுக்கு என் வயசுதான். முதல் நாள் என்னைப் பேச விட்டுக் கேட்டாங்க. நான் கிசுகிசுன்னு பாடம் எடுத்த பெருமையைச் சொன்னதும் முகம் மாறிப் போச்சு. ரகசியக் குரல் ஓய்வு இல்லை, பல பேருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்குதுன்னாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தேன். 2006-ல் வந்த ஒரு ஆய்வுல 100 பேருக்கு ஸ்கோப் விட்டுப் பார்த்ததுல 69 பேர் கிசுகிசுக்கும்போது குரல்வளையைக் கூடுதலா நெரிச்சிருக்காங்க. ஓய்வுன்னா ஒண்ணு சும்மா இருக்கணும், இல்லைன்னா மெதுவா, இயல்பான குரல்ல, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட மட்டும் பேசணும்.

தண்ணி விஷயத்துலயும் நான் தப்பா நினைச்சிருந்தேன். குடிக்கிற தண்ணியோ தேனோ பாலோ குரல் நாணைத் தொடவே தொடாது. தொட்டா புரையேறிடும். உணவுக்குழாய் வழியா வயித்துக்குப் போய், உடம்புல ஈரம் கூடி, அப்புறம்தான் அங்கே போய்ச் சேரும். அதனால கரகரத்த பிறகு ஒரு சொம்பு குடிக்கிறதை விட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். நேரா அங்கே போறது மூச்சுக் காத்து மட்டும்தான். அது இங்கே எப்படி இருக்கு? வெளியே மைனஸ் 15. அந்தக் காத்தை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடு பண்ணினா, வேற எங்கிருந்தும் ஈரம் சேரலைன்னா, ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழ போயிடும். அப்பளம் காயப் போடலாம். கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கி வச்சேன். ஆவி பிடிக்கிறதும் நல்லதுதான், ஆனா கொதிக்கிற சட்டியை மடியில வச்சுக்கிட்டுப் போர்வைக்குள்ள உட்கார்ந்து வெந்துக்காதீங்க.

அம்மாவோட பாட்டி வைத்தியத்தை யாரும் திட்டலை. மிளகுப் பால் இதமா இருந்தா குடி, வீக்கத்தை அது எடுத்துடும்னு நம்பி நாலு வாரத்தைத் தாண்டாதே, அவ்வளவுதான். அதிமதுரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நிறைய, நாள் கணக்குல சாப்பிட்டா ரத்த அழுத்தம் கூடும். எங்கப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுது. அதைத் தினம் மென்னுக்கிட்டு இருந்தார்!

பயிற்சின்னு குடுத்தது பார்க்கத் தமாஷா இருக்கும். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை உதட்டுல வச்சு, அதுக்குள்ள 'ஊஊஊ'ன்னு முனகணும், கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ. இங்கோ டிட்ஸேன்னு ஒரு குரல் விஞ்ஞானி பிரபலமாக்கினது. வாய்ப்பக்கம் வழி குறுகினதும் உள்ளே கொஞ்சம் எதிர் அழுத்தம் உண்டாகும், மடிப்புகள் பலமா மோதாமலே அதிரும். என் ரூம்மேட் தெலுங்குப் பையன், முதல் நாள் கதவைத் தட்டி, ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதா பாருன்னான்.

அதைவிட உதவினது மைக்தான். சத்தமான இடத்துல நாம அறியாமலே குரலை உயர்த்திடுவோம், பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911-லயே சொல்லிட்டார். "கத்தாம பேசணும்"னு மனசுல உறுதி எடுத்து ஜெயிக்க முடியாது. ஹீட்டர் ஓடினா கத்தத்தான் செய்வேன். துறை அலுவலகத்துல கூச்சத்தோட கேட்டேன். அலமாரியில தூசியோட ஒண்ணு கிடந்தது, எடுத்துக் குடுத்துட்டாங்க. அதுக்குப் போய் ஒன்றரை மாசம் தொண்டையைக் கிழிச்சிருக்கேன். டி.ஏ. வேலையும் பிழைச்சது. மே மாசம் மறுபடி ஸ்கோப். மேடு பாதியாக் குறைஞ்சிருந்தது.

படிக்கிற யாருக்காவது உதவும்னு இதையும் சொல்லிடறேன். இருமினா ரத்தம், முழுங்க முடியலை, கழுத்துல கட்டி, மூச்சு இழுக்கும்போது சத்தம், ஆபரேஷனுக்கு அப்புறம் போன குரல், இதெல்லாம் இருந்தா நாலு வாரம் எண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது. மூச்சே திணறினா நேரா எமர்ஜென்சிதான். புகை பிடிக்கிறவங்களும் நாள் எண்ணாம போயிடறது நல்லது. ஊர்ல இருக்கிறவங்க தினமும் கேட்கிறதால அவங்களுக்கு மாற்றம் தெரியாது. வாரத்துக்கு ஒருதடவை கேட்கிற நமக்குத் தெரியும், லைன் மேல பழி போடாம இருந்தா.

அப்பா ஜூன்ல பள்ளி திறந்ததும் போயிட்டார். குரல் பழையபடி கணீர்னு இல்லை, கொஞ்சம் சன்னமா இருக்கு, ஆனா காத்தடிக்கலை. முதல் மூணு மாச ஸ்கோப் சுத்தம். சாயங்காலம் கடைக்குப் போறப்ப அம்மாவும் கூடவே போறாங்க. ஞாயித்துக்கிழமை போன்ல நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்ட்ராவை வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் 'ஊஊஊ'ன்னு முனகுவோம். அம்மா அந்த நேரம் பார்த்துத் துணி காயப்போட மாடிக்குப் போயிடுவாங்க.

இடுப்புல கட்டுற ஸ்பீக்கர், தலையில மாட்டுற மைக்னு ஒண்ணு வாங்கி அனுப்பியிருக்கேன். முதல்ல மாட்டேன்னுட்டு, இப்ப போட்டுக்கிட்டுத்தான் கிளாஸுக்குப் போறாராம். பத்தாம் வகுப்புப் பசங்க வச்ச பேரு 'பஸ் ஸ்டாண்டு பினாயில்'. ஹெட்மாஸ்டர் மட்டும் ரகசியமா வந்து, சார், இது எங்க கிடைக்கும்னு கேட்டாராம்.